ஓடக் கற்றவர்

என் கணவர் ஓடியதைப் பற்றித்தான் ஊர் முதலில் கதைத்தது. பிறகு ஒருநாள் அவர் ஓடாமல் நின்றதைப் பற்றி இன்னமும் கதைக்கிறது. முதலாவதைச் சொல்லிச் சிரித்த அதே ஆட்கள்தான் இரண்டாவதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். இரண்டையும் அருகிலிருந்து அறிந்தவள் நான். நடந்ததை ஒருமுறையாவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்று கொஞ்சக் காலமாகவே மனதில் இருக்கிறது.

நான் வட்டுக்கோட்டைப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை. யாழ்ப்பாண நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாக வேலை, பெரும்பாலும் சத்திரசிகிச்சை விடுதியில். மாலைப் பணி முடிந்து பஸ் பிடித்து, இறங்கி, தோட்டங்களுக்கு நடுவே எங்கள் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் நடந்து போக வேண்டும். ஒரு மழைக்காலத்தில் ஒருவன் சைக்கிளில் பின்னால் வரத் தொடங்கினான். முதலில் தூரத்தில் வந்தான், பிறகு கிட்ட வந்தான், ஒருநாள் சைக்கிளைக் குறுக்கே விட்டு என் கையைப் பிடித்தான். பக்கத்து வளவிலிருந்து யாரோ இருமிக்கொண்டு டோர்ச் அடித்ததால் விட்டுவிட்டுப் போனான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் கை பிடிபட்டிருந்த அந்தச் சொற்ப நேரத்தில் எனக்குக் குரலே வரவில்லை. விடுதியில் வெட்டுக்காயங்களைப் பார்த்தும் பதறாதவள், பெரிய வைத்தியர்களோடு வாதாடுகிறவள், அன்றைக்கு வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. அவனை நினைத்து வந்த பயத்தைவிட என் தொண்டையை நினைத்து வந்த வெட்கம் பெரிது.

என்னோடு வேலை செய்த ஒருத்திதான் வளர்ந்தவர்களுக்கான தற்காப்பு வகுப்பு ஒன்று நடக்கிறது என்று கூட்டிக்கொண்டு போனாள். நகரத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் மண்டபம், சனி ஞாயிறு பின்னேரங்களில். நடத்தியவர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். வங்கியில் வேலை. மண்டபத்துக்குள் அவரை மாஸ்டர் என்போம், வெளியில் கண்டால் அண்ணை.

கராத்தே என்றால் செங்கல் உடைப்பதும் பறந்து உதைப்பதும் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் கிழமைகளில் குத்தக்கூட விடவில்லை. கத்த வைத்தார். ஒவ்வொருவராக நடுவில் நின்று வயிற்றிலிருந்து "விடு!" என்று கத்த வேண்டும். என் முறை வந்தபோது பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு தூரம் பார்க்கப் பழக்கினார், எதிரே நிற்பவன் கை நீட்டினாலும் எட்டாத தூரம். அதற்குப் பிறகு ஓட வைத்தார். திடீரென்று கை தட்டுவார். தட்டியதும் கிட்டவுள்ள வாசல் எது என்று பார்த்து, திரும்பி, வழியில் கிடக்கும் கதிரைகளைத் தாண்டி வெளியே ஓடிவிட வேண்டும். கடைசியாக வெளியே வருபவர் தண்டால் எடுக்க வேண்டும்.

கடை வைத்திருந்த ஒரு ஆள் ஒருநாள் பொறுமை இழந்து கேட்டார்.

"மாஸ்டர், ஓடுறதுக்கு ஏன் கராத்தே? நாய் கலைச்சாலே ஓடுவம்தானே."

எல்லாரும் சிரித்தோம். மாஸ்டரும் சிரித்தார்.

"நாய் கலைச்சால் ஓடுவியள். நாலு பேர் பாத்துக்கொண்டு நிக்கேக்கை ஓடுவியளோ? அதைத்தான் பழக வேணும். குத்திறது ஆறு மாதத்திலை பிடிபட்டிடும். உது பிடிபடக் கனகாலம் செல்லும்."

அந்த வகுப்பில்தான் என் கணவரைச் சந்தித்தேன். குருநகரைச் சேர்ந்த கத்தோலிக்க மீனவக் குடும்பம். அவருடைய அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் கடலுக்குப் போகாமல் வள்ளத்து எஞ்சின்களைத் திருத்துகிறவர். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே பழகி, கறுப்புப் பெல்ட் எடுத்திருந்தார். மாஸ்டருக்கு உதவியாக நிற்பார். கையைப் பிடித்தால் எப்படி விடுவித்துக்கொள்வது என்று எனக்குக் காட்டியவர் அவர்தான். விரல் இடுக்கில் எப்போதும் கிறீஸ் கறுப்பு இருக்கும். பிடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் "பிடிக்கட்டோ?" என்று கேட்பார். பிடிக்கப்போகிற எதிரி அனுமதி கேட்பானா என்று நான் ஒருநாள் கேட்டேன். "எதிரி கேக்க மாட்டான். நான் கேக்க வேணும்" என்றார். அன்றைக்குத்தான் அவரை வடிவாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

நீங்கள் என்று கதைத்துக்கொண்டிருந்தவர் என்னை நீர் என்று சொல்லத் தொடங்கியதும், இரண்டு வீட்டிலும் முகம் கறுத்ததும், பிறகு ஒருவழியாக வெளுத்ததும் வேறு கதை. சைவப் பிள்ளை, வேதக்காரப் பொடியன், தோட்டம், கடல் என்று சொல்ல எத்தனையோ இருந்தது. இரண்டு வருடம் பொறுத்திருந்து பதிவுத் திருமணம் செய்தோம். குருநகரில் வீடு எடுத்தோம். கலியாணத்துக்குப் பிறகும் சனி ஞாயிறு வகுப்புக்கு இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போய்வந்தோம். என் வாழ்க்கையிலேயே பாரம் இல்லாத காலம் அது.

கத்தியைப் பற்றிய வகுப்பைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கத்தியை எப்படிப் பறிப்பது என்று பலநாள் மாஸ்டரை நச்சரித்தோம். ஒருநாள் எல்லாரையும் பழைய வெள்ளைச் சட்டை போட்டுவரச் சொன்னார். சோடிக்கு ஒரு சிவப்பு மார்க்கர் பேனை கொடுத்தார். பேனைதான் கத்தி. வைத்திருப்பவர் வெட்ட வேண்டும், மற்றவர் தடுத்துப் பறிக்க வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, கை தட்டி நிறுத்தினார்.

"இப்ப உங்கடை சட்டையளைப் பாருங்கோ."

கழுத்தில், முழங்கை மடிப்பில், வயிற்றில், முதுகில்கூடச் சிவப்புக் கோடுகள். பேனையைப் பறித்தவர்கள் இருவர் இருந்தார்கள், அவர்களில் ஒருவர் என் கணவர். அவருடைய சட்டையிலும் மூன்று நான்கு கோடுகள்.

"பறிச்சவருக்கும் கோடு இருக்குது, கண்டியளோ? கத்திக்குப் பிளாக், தடுப்பு, ஒண்டும் இல்லை. கத்திக்குத் தூரம்தான். வழி இருக்கேக்கை போயிட வேணும். வழியே இல்லாட்டில்தான் மற்றதெல்லாம்."

எனக்கு அது புதிய பாடமாக இருக்கவில்லை. என் விடுதிக்கு வாள்வெட்டுக்கு ஆளானவர்களைக் கொண்டுவருவார்கள். அநேகமாக எல்லாருக்கும் காயம் முன்னங்கையிலும் விரல்களிலும் இருக்கும். வருவதைக் கண்டு கையைத் தூக்கியிருப்பார்கள். அந்தக் கைகளுக்கு மருந்து கட்டியவள் நான். வீட்டுக்கு வந்து அவருக்குச் சொல்வேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்பார். எங்கே வெட்டு, எவ்வளவு ஆழம், விரல் மடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஆகவே எங்கள் இருவருக்கும் தெரியாமல் எதுவும் நடந்ததாகச் சொல்ல முடியாது.

கலியாணமாகி இரண்டாம் வருடம் எனக்கு வயிற்றில் பிள்ளை உண்டாகியது. மூன்றாம் மாதம் தாண்டும்வரை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றிருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனிடம் போய்வர ஆசைப்பட்டேன். அவரும் வந்தார். மேற்சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தேவாலயத்தில் நிற்பது மாதிரி கைகளை முன்னால் கோத்தபடி என் பக்கத்தில் நின்றார். மடத்தில் அன்னதானம் சாப்பிட்டு, ஆற்றங்கரையில் கொஞ்சநேரம் இருந்துவிட்டு, பொழுதுபடுகிற நேரத்தில் புறப்பட்டோம்.

அச்சுவேலிப் பக்கம் போகிற வீதியில் ஆளரவம் இல்லாத ஒரு துண்டு. இரண்டு மோட்டார் சைக்கிள்கள் எங்களை முந்திப் போய், கொஞ்சத் தூரத்தில் திரும்பி, வீதிக்குக் குறுக்கே நின்றன. முகத்தைத் துணியால் மறைத்திருந்தார்கள். ஒருவன் முதுகுப் பக்கம் கைவிட்டு நீளமாக எதையோ உருவினான். "உவன்தான்ரா!" என்று யாரோ கத்தினான். எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. யாரையோ தேடி வந்து எங்கள் மோட்டார் சைக்கிளின் நிறத்தைப் பார்த்து ஆள் மாறிவிட்டார்கள் என்று பிறகு பொலிஸில் சொன்னார்கள்.

என் கணவர் பிரேக் பிடித்தார். நாங்கள் யார் என்று சொல்ல நிற்கவில்லை. மோட்டார் சைக்கிளை அப்படியே சரியவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். முதன்முறையாக "பிடிக்கட்டோ" என்று கேட்காமல் பிடித்தார்.

"சீலையைத் தூக்கிக்கொண்டு ஓடும். கத்திக்கொண்டு ஓடும்."

பனை வடலிக்குள் இறங்கினோம். காவோலை காலைக் கிழித்தது. அதைத் தாண்டி வெங்காயத் தோட்டம், புதிதாகத் தண்ணீர் பாய்ச்சிய பாத்திகள். செருப்பு சேற்றில் போய்விட்டது. நான் கத்தினேன். எங்கள் ஒழுங்கையில் வராத குரல் அன்றைக்கு முழுசாக வந்தது. தோட்டத்துக்கு அந்தப்பக்கம் ஒரு வீட்டில் ஆட்கள் வெளியே வந்தார்கள், நாய்கள் குரைத்தன, வேலிப் படலை திறந்தது. உள்ளே போய் விழுந்தோம். பின்னால் தகரத்தில் வெட்டுகிற சத்தம் கொஞ்சநேரம் கேட்டது. பிறகு மோட்டார் சைக்கிள்கள் போகிற சத்தம்.

அந்த வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார்கள். என் கணவர் குடிக்கவில்லை. என் முன்னால் முழங்காலில் இருந்து, "வயித்துக்கை ஏதும் நோகுதோ? மெய்யாச் சொல்லும்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நோகவில்லை. இருவருக்கும் முள்ளுக் கீறல் தவிர ஒரு காயமும் இல்லை.  பிறகுதான் சிரித்தார்.

"மாஸ்டருக்குச் சொல்ல வேணும், பாடம் சரி எண்டு."

மோட்டார் சைக்கிளின் இருக்கையும் லைற்றும் சுக்குநூறாகியிருந்தன. எண்ணெய்த் தாங்கியில் ஆழமான வெட்டுகள். அந்த வெட்டுகளின் அகலத்தைப் பார்த்தபோது எனக்கு என் விடுதிதான் ஞாபகம் வந்தது. இந்த மனிதர் என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று நான் நினைத்தேன். உலகமும் அப்படித்தான் நினைக்கும் என்றும் நினைத்தேன்.

அடுத்தநாள் ஓர் இணையச் செய்தித்தளத்தில் வெட்டப்பட்ட மோட்டார் சைக்கிளின் படத்தோடு செய்தி வந்தது. தலைப்பு, "கராத்தே வீரர் தப்பியோட்டம்". கீழே சிரிக்கிற மஞ்சள் முகங்கள். மனைவியோடு வந்தவர் என்று செய்திக்குள் ஒரு வரி இருந்தது. அதுவரை யார் வாசித்தார்கள்?

இறங்குதுறையில் அவருடைய திருத்தும் கொட்டிலுக்கு முன்னால் பகிடி தொடங்கியது. அங்கே எல்லாரும் எல்லாரையும் பகிடி பண்ணுகிறவர்கள்தான். "எங்கடை மெக்கானிக் தன்ரை எஞ்சினைத்தான் நல்லாய்ச் செய்து வச்சிருக்கிறார், என்ன வேகம்!" என்று ஒரு வள்ளக்காரர் சொல்ல, இவரும் சிரித்துக்கொண்டு, "ஓம் அண்ணை, உங்கடையையும் தாங்கோ, அப்பிடிச் செய்து தாறன்" என்று பதில் சொன்னாராம். முதல் நாட்களில் எனக்கு வந்து சொல்லிச் சிரித்தார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். பகிடி நிற்கவில்லை என்பது அவருடைய அண்ணன்மாரின் முகத்தில் தெரிந்தது. மூத்தவர் ஒருநாள் எங்கள் வீட்டில் வைத்தே சொன்னார்.

"ஒரு அடியாவது அடிச்சிட்டு ஓடியிருக்கலாமடா. இவ்வளவு வரியம் பழகினனீ."

"அடிக்கிற தூரத்துக்குப் போயிருந்தால் ஓடியிருக்க ஏலாது அண்ணை."

"அப்ப ஏன் பழகினனீ?"

 நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை பேருக்கும் வாயடைக்கிற பதில் என் வயிற்றில் இருக்கிறதே என்று எனக்குப் பட்டது. அன்றிரவே அவரிடம் கேட்டேன், பிள்ளை விசயத்தைச் சொல்லிவிடுவோமா என்று.

"வேண்டாம்."

"ஏன்? சொன்னால் விளங்கிக்கொள்ளுவினம்தானே."

"ஓடினதுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஓடினது சரி. அவ்வளவுதான்."

நான் அப்போது அதை வீம்பு என்று எடுத்தேன். இரண்டு கிழமை கழித்து, மூன்றாம் மாதம் முடிந்ததும், என் மச்சாளுக்கு, அவருடைய அக்காவுக்கு, சொன்னேன். எந்த நாளில் எப்படி ஓடினோம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மச்சாள் அழுதுவிட்டு, என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, ஒரு கிழமைக்குள் குருநகர் முழுக்கச் சொல்லிவிட்டார். நான் எதிர்பார்த்தபடியே எல்லாரும் மாறினார்கள். "பிள்ளைத்தாச்சியோடை வந்தவன், ஓடாமல் என்ன செய்யிறது?" என்றார்கள். அந்த வள்ளக்காரரே வந்து தோளில் தட்டி, "எங்களுக்கு உது தெரியாமல் போச்சுத் தம்பி, அப்பிடியெண்டால் சரிதான்" என்றாராம்.

அன்றைக்குத்தான் அவர் என்னோடு முதன்முறையாகக் கோபித்தார். சத்தம் போடுகிற ஆள் இல்லை. சட்டையைக் கூட மாற்றாமல் கதிரையில் இருந்து சொன்னார்.

"நீர் இல்லாட்டிலும் ஓடியிருப்பன். பிள்ளை இல்லாட்டிலும் ஓடியிருப்பன். இப்ப அவையள் என்ன சொல்லினம்? பொம்பிளைக்காக ஓடினவன், அதாலை மன்னிச்சு விடுவம் எண்டுதானே? அப்ப தனிய வந்திருந்தால் நான் நிண்டு வெட்டு வாங்கியிருக்க வேணும், என்ன?"

"நான் உங்களுக்கு நல்லதுக்குத்தான் சொன்னனான்."

"எனக்குத் தெரியும். அதுதான் கவலை."

அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று இப்போது நூறு வசனம் வருகிறது. அன்றைக்கு நான் தேநீர் ஊற்றப் போனேன்.

அவர் வகுப்புக்குப் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். எனக்கு வயிறு பெரிதாகிவிட்டதால் நான் போகவில்லை. தனியே போக அலுப்பாக இருக்கிறது என்றார், பிறகு வேலை கூட என்றார். பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. பிள்ளையைப் பார்க்க வந்த மாஸ்டர் கையோடு அவரையும் கூட்டிப்போக முயன்றார்.

"நீர் வந்து கதைக்க வேணும். ஓடித் தப்பின ஒருத்தர் எங்கடை வகுப்பிலை இருக்கிறது எவ்வளவு பெரிய விசயம்."

"பாப்பம் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு, மாஸ்டருடைய மோட்டார் சைக்கிள் ஏன் புகைக்கிறது என்று பார்க்க எழும்பினார். அதற்குப் பிறகு அவர் அந்த மண்டபத்துக்குப் போகவேயில்லை.

பகிடியும் ஒருவழியாக ஓய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிள்ளை தவழ்ந்து, நடந்து, கதைக்கத் தொடங்கிவிட்டாள். ஓடியதை எல்லாரும் மறந்திருப்பார்கள். எங்கள் வீட்டிலேயே ஒரு ஆள் மட்டும் மறக்கவில்லை என்பது என் கண்ணில் படவில்லை.

ஒருநாள் காலை நான் விடுதியில் நிற்கிறேன். மருந்து கொடுத்து முடியவில்லை. கீழே அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து என்னோடு வேலை செய்கிறவள் மூச்சிரைக்க வந்தாள். "அக்கா, பயப்பிடாதேங்கோ, உயிருக்கு ஒண்டும் இல்லை" என்றாள். அந்த வசனத்தை நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கால் நிலத்தில் படாமல் போனேன்.

அவர் கட்டிலில் இருந்தார். வலது கையை யாரோ உடுத்தியிருந்த சாரத்தால் சுற்றியிருந்தார்கள். சாரம் முழுக்க இரத்தம். சுற்றி நின்ற துறைக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். என்ன வீரம், என்ன வேகம், கத்தியைப் பிடுங்கி எறிஞ்சாரே என்று. நான் சாரத்தை அவிழ்த்தேன். உள்ளங்கைக்குக் குறுக்கே, சுண்டுவிரல் பக்கமிருந்து நடுவரை, நேரான ஆழமான வெட்டு.

"விரலை மடக்குங்கோ."

பெருவிரலும் சுட்டுவிரலும் மடங்கின. மற்ற மூன்றும் அசையவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் முகத்தை மறைக்கப் பழகியவள், ஆனாலும் எத்தனையோ இரவு சாப்பாட்டு மேசையில் நானே அவருக்குச் சொல்லிக்கொடுத்த விசயம் அது.

"தசைநாணோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

நடந்ததை அவர் சொன்னது சத்திரசிகிச்சை முடிந்து, மயக்கம் தெளிந்து, துறைக்காரர்கள் எல்லாரும் போன பிறகு. அன்று காலை மீன் ஏலம் கூறி விற்கிற இடத்தில் ஒரு இளைஞனுக்கும் மீன் வியாபாரி ஒருவருக்கும் வாய்த்தர்க்கம். இளைஞன் குடிவெறியில் இருந்தான். மீன் வெட்டுகிற கத்தியை எடுத்தான். வியாபாரி ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் ஓடி, அதற்கும் அந்தப்பக்கம் வீதிக்குப் போய்விட்டார். சனம் வட்டமாக விலகி நின்றது. நடுவில் அவன் மட்டும் கத்தியோடு நின்று தூசணம் கொட்டிக்கொண்டிருந்தான்.

"அவருக்கு ஆபத்து இல்லையோ? வியாபாரிக்கு?"

"அவர் போயிட்டார். நான் கண்டனான், அவர் போறதை."

"அப்ப ஏன்..."

"ஆரோ பின்னாலை நிண்டு சொன்னவன். கராத்தேக்காரர் நிக்கிறாரல்லோ, இண்டைக்கும் ஓடுவாரோ எண்டு. சனம் சிரிச்சது. சின்னச் சிரிப்புத்தான்."

விடுதியில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்தப் பொடியனிட்டை நான் போகேல்லை. பின்னாலை நிண்டவையைப் பாத்துத்தான் நடந்தனான். முன்னுக்குப் போகேக்கையே தெரியும், தூரம் பிழை எண்டு. மாஸ்டர் கை தட்டுற மாதிரிக் காதுக்குள்ளை கேட்டது. எண்டாலும் நிக்கேல்லை."

நான் அழுதேன். "நீர் ஏன் அழுறீர்?" என்று இடது கையால் என் தலையைத் தொட்டார். அவருக்காக என்று சொன்னேன். பாதிதான் உண்மை. அன்று வெங்காயத் தோட்டம் தாண்டி வந்து விழுந்தபோது, "நல்லா ஓடினீங்கள்" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கவில்லை. நன்றி சொன்னேன், அழுதேன், சாமியைக் கும்பிட்டேன், ஊருக்குக் காரணம் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. சொல்லியிருந்தாலும் துறையில் எழுந்த அந்தச் சின்னச் சிரிப்பைத் தாங்க அது போதுமா, எனக்குத் தெரியாது. போதாமலும் போயிருக்கலாம்.

நாண்களைத் தைத்தார்கள். மாதக்கணக்காக விரல்கள் அசையாமல் சிம்பு கட்டி, பிறகு பஞ்சு உருண்டையைப் பிடித்து அமத்துகிற பயிற்சி. அவர் ஒருநாளும் தவறவிடவில்லை. பயிற்சி என்றால் அவருக்குப் பழக்கம். நடுவிரல் பாதி மடங்குகிறது. மற்ற இரண்டும் நீட்டியபடியே இருக்கின்றன. சின்ன ஆணிகளைப் பிடிக்க முடியாது. எஞ்சின் திருத்தும் கொட்டிலைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு, இப்போது உதிரிப்பாகங்கள் விற்கிறார். கையை மூடிக் குத்தாகப் பிடிக்க அவரால் முடியாது. பிள்ளைக்கு அது தெரியும். "அப்பாட கை எப்பவும் திறந்திருக்கும்" என்று முன்பள்ளியில் சொன்னாளாம்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே அதே செய்தித்தளத்தில் மறுபடியும் படம் வந்தது, "கத்தியைப் பறித்த கராத்தே வீரர்" என்று. இந்தமுறை கைதட்டுகிற படங்கள். துறைக்காரர்கள் மாலை கொண்டுவந்தார்கள். அவருடைய மூத்த அண்ணன் கண்கலங்கி நின்றார். மாஸ்டர் மட்டும் தனியாக வந்தார், வெறுங்கையோடு. கட்டிலின் ஓரத்தில் இருந்து, கட்டுப்போட்ட கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். 

"நான் இன்னும் ரெண்டு தரம் வந்து கூப்பிட்டிருக்க வேணும்" என்றார் மாஸ்டர்.

"வந்தாலும் வந்திருக்க மாட்டன் மாஸ்டர்" என்றார் இவர்.

போன வருடத் திருவிழாவில் கோயில் வளவில் இளைஞர்களுக்கு ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். இவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தேன். நிகழ்ச்சியை நடத்தியவர் ஒலிவாங்கியை அவரிடம் கொடுத்தார்.

"அண்ணை, அந்தக் கத்திக் கதையை எங்கடை பொடியளுக்குச் சொல்லுங்கோ."

அவர் ஒலிவாங்கியை இடது கைக்கு மாற்றினார்.

"அண்டைக்கு நான் ஓடியிருக்க வேணும்" என்றார்.

சனம் சிரித்தது. நல்ல சிரிப்பு, அன்பான சிரிப்பு.

"இல்லை, மெய்யாத்தான். கத்திக்கு முன்னாலை ஒருத்தரும் இல்லை. வியாபாரி தப்பிட்டார். அந்தப் பொடியன் தனிய நிண்டவன். கொஞ்சநேரம் விட்டிருந்தால் தானே களைச்சுப்போய் இருந்திருப்பான். நான் போனது பிழை. தொண்டைமானாத்திலை ஓடினதுதான் நான் செய்த சரியான காரியம்."

கைதட்டல் எழுந்தது. "பாத்தியளே, எவ்வளவு தன்னடக்கம்!" என்று நிகழ்ச்சி நடத்தியவர் இன்னொரு ஒலிவாங்கியில் சொன்னார். என் கணவர் மறுபடி வாயைத் திறந்தார், ஆனால் பாட்டுக் குழு ஏறத் தொடங்கிவிட்டது. ஒரு பொடியன் வந்து மரியாதையாக ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு போனான். அவர் பொன்னாடையோடு கொஞ்சநேரம் மேடையில் நின்றார். பிறகு பக்கப் படிகளால் பார்த்துப் பார்த்து இறங்கினார்.

இப்போது ஸ்கூட்டரை நான்தான் ஓட்டுகிறேன். அன்று வீடு திரும்புகையில் பிள்ளை முன்னால் நின்றாள், அவர் பின்னால் இருந்தார். கடற்காற்றில் பொன்னாடை படபடத்தது. அதை மடித்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். எங்கள் ஒழுங்கைக்குத் திரும்புகிற இடத்தில் கேட்டார்.

"ஒருத்தருக்கும் விளங்கேல்லை, என்ன?"

"எனக்கு விளங்கினது" என்றேன்.

அவர் வீட்டு வாசலில் இறங்கி, இடது கையால் படலையைத் திறந்துவிட்டு, நான் ஸ்கூட்டரை உள்ளே விடும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.